இறங்க முடியாதவன்

வேல்சாமிக்கு அரசாங்கச் செலவில் விமானம் ஓட்டப் படிக்க இடம் கிடைத்தபோது, முதுகுளத்தூருக்குத் தெற்கே இருந்த அந்தச் சின்ன ஊரில் அதை முழுதாக நம்பியது ஒரே ஒரு ஆள்தான். அவனுடைய அக்கா பூமயில்.

அப்பா பால்சாமியும் அம்மா உலகம்மாளும் ஊர்ப் பெரிய நிலக்காரர் வீரபத்திரனின் நிலத்தில் கூலி வேலை செய்தார்கள். மகன் ராமநாதபுரத்தில் பி.எஸ்சி. முடித்ததே அவர்களுக்குப் பெரிய காரியம். அதற்கு மேல் அவர்கள் எதையும் யோசித்ததில்லை. தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்கு பைலட் படிப்புக்கு உதவித்தொகை என்று பேப்பரில் வந்ததைப் பார்த்து, அவனை விரட்டி விரட்டி விண்ணப்பிக்க வைத்தது பூமயில்தான். அவள் எட்டாவதோடு நின்றுவிட்டு மிளகாய்ப் பழம் பறிக்கப் போனவள். மற்றவர்கள் பிளேன் என்றால் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

1992-இல் மதுரையில் ஒரு பயிற்சிக் கழகத்தில் சேர்ந்தான். இரண்டே பேர் உட்காரக்கூடிய சின்ன விமானம். கற்றுக்கொடுத்தவர் கேப்டன் அலியார், விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர், தொண்டிக்காரர். முதலில் ஓடுதளத்தைச் சுற்றிச் சுற்றி ஏறுவதும் இறங்குவதும். பிறகு பக்கத்து ஊர்களின் சின்ன ஓடுதளங்களுக்குப் போய் இறங்கித் திரும்பி வர வேண்டும். தஞ்சாவூர், செட்டிநாடு, தூத்துக்குடி என்று ஒவ்வொன்றாகப் போனார்கள். சில இடங்களில் கட்டடம்கூடச் சரியாக இருக்காது. உலகப் போர்க் காலத்தில் போட்ட பழைய தளத்தில் காவலாளி ஓடிவந்து ஆடுகளை விரட்டிய பிறகுதான் இறங்க முடியும். வேல்சாமிக்கு அது எல்லாமே பிடித்திருந்தது. குறிப்பாக இறங்குவது. தரை மெதுவாக மேலே வந்து சக்கரத்தைத் தொடுகிற அந்த நேரத்தில் அவன் கை நடுங்கியதே இல்லை என்று அலியார் மற்ற மாணவர்களிடம் சொல்வாராம்.

ஒருமுறை தஞ்சாவூரிலிருந்து திரும்பும்போது கடற்கரை ஓரமாக வந்தார்கள். அக்கரையில், இலங்கையில், சண்டை நடந்துகொண்டிருந்த வருடங்கள். கரையைத் தாண்டி இம்மிகூடப் போகக்கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. கீழே ஆழமில்லாத கடல் வெளுத்த பச்சையாக விரிந்து கிடந்தது. தெற்கே பாம்பன் பாலம் நகத்தால் கீறியதுபோல் தெரிந்தது. அலியார் விரலை நீட்டி, அந்தா பள்ளிவாசல் தெரிகிறதே, அதற்குப் பின்னால் மூன்றாவது தெருவில்தான் தன் வீடு என்று காட்டினார். தன் வீட்டை வானத்திலிருந்து பார்த்த மனிதரின் முகத்தை வேல்சாமி அன்றைக்குத்தான் பார்த்தான்.

அந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பூமயில் அவனைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"நீ மதுரையில ஓட்டல்ல சர்வர் வேல பாக்குறேன்னு சொல்றாகளே. ஒரே ஒரு தடவ ஊருக்கு மேல வந்துட்டுப் போ. நா பாக்கணும்."

அதெல்லாம் முடியாது, போகிற வழியை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும், மாறினால் படிப்பே போய்விடும் என்று அவன் விளக்கினான். அவள் ஒத்துக்கொண்டாள். அதன் பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. அவள் வற்புறுத்தியிருந்தால் வேல்சாமி மறுத்திருப்பான். பேசாமல் இருந்ததுதான் அவனை அரித்தது.

மார்ச் மாதம் அவன் தனியாகத் தூத்துக்குடி போய்வர வேண்டிய முறை வந்தது. முந்தின வாரமே அக்காவுக்குச் சொல்லி அனுப்பிவிட்டான். வியாழக்கிழமை காலை, வெயில் ஏறுவதற்குள் வாரேன், வானத்தைப் பார்த்துக்கொண்டிரு என்று.

அருப்புக்கோட்டையைத் தாண்டியதும் கிழக்கே திருப்பினான். மேலிருந்து பார்த்தால் எல்லா ஊரும் ஒன்றுபோல இருந்தன. வற்றிய கண்மாய்கள், எங்கு பார்த்தாலும் கருவேலங்காடு. அந்தப் பச்சைக்கு நடுவே மிளகாய்க் களங்கள் மட்டும் சிவப்புச் சிவப்பாகத் தெரிந்தன. முதுகுளத்தூரிலிருந்து தெற்கே போகும் ரோட்டைப் பிடித்து, களங்களை எண்ணிக்கொண்டே வந்து தன் ஊரைக் கண்டுபிடித்தான். உயரத்தைக் குறைத்துக் களத்துக்கு மேலே வந்தான். ஊரே அங்கே நின்றது. வீரபத்திரனின் மாட்டு வண்டியில் வத்தல் மூடை ஏற்றியிருந்தார்கள். மூடைகளுக்கு மேலே ஏறி நின்று ஒரு பெண் துண்டை வீசிக்கொண்டிருந்தாள். அது பூமயில் என்று அவனுக்கு முகம் தெரியாமலே தெரிந்தது.

அதோடு போயிருக்கலாம். ஆனால் வீரபத்திரன் வீட்டு மாடியில் நின்றவர்கள் நெற்றியில் கைவைத்து அண்ணாந்து பார்த்தது அவன் கண்ணில் பட்டிருந்தது. அவன் அப்பா அந்த வீட்டு முற்றத்தைத் தாண்டி உள்ளே போனதில்லை. அவர்கள் அண்ணாந்து பார்ப்பதை இன்னொரு தடவை பார்க்க வேண்டும்போல அவனுக்கு இருந்தது. ஒரு வட்டம் அடித்து, முன்னைவிடத் தாழ்வாக, பனைமரங்களுக்குக் கொஞ்சம்தான் மேலே, களத்தைக் கடந்தான்.

கடந்தபின் திரும்பிப் பார்த்தபோது புழுதி கிளம்பியிருந்தது. ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். சந்தோஷத்தில் ஓடுகிறார்கள் என்று நினைத்தான். கடற்கரையைப் பிடித்து, வேம்பாரைத் தாண்டித் தூத்துக்குடியில் இறங்கினான். டீ குடித்தான். மதியத்துக்குள் மதுரை திரும்பினான். மழை மேகம் இருந்ததால் சுற்றி வந்தேன் என்று அலியாரிடம் சொன்ன பொய்கூட அன்று அவனை உறுத்தவில்லை. அவன் வாழ்க்கையில் கடைசியாகச் சந்தோஷமாக இருந்த நாள் அது.

மறுநாள் கழகத்துக்கு போன் வந்தது. அக்காவுக்கு அடி பட்டிருக்கிறது, ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்கு வரவும்.

இரண்டாவது தடவை தலைக்கு மேலே இரைந்துகொண்டு வந்த சத்தத்தில் மாடுகள் மிரண்டுவிட்டன. வண்டி ஓட்டுகிறவனும் மேலே பார்த்துக்கொண்டிருந்ததால் கயிற்றைப் பிடிக்கவில்லை. வரப்பு வரப்பாக ஏறி ஓடிய வண்டி வாய்க்காலில் குடை சாய்ந்தது. பூமயில் மடைக் கல்லின்மேல் விழுந்தாள். அவள்மேல் மூடைகள் விழுந்தன.

வேல்சாமி வார்டுக்குள் போனபோது ஒரு போலீஸ்காரர் அவளிடம் வாக்குமூலம் எழுதிக்கொண்டிருந்தார். கட்டிலில் அசையாமல் படுத்தபடி அவள் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நல்லபாம்பு குறுக்கே வந்தது, மாடு மிரண்டுவிட்டது, யார் பேரிலும் தப்பு இல்லை. ஏதோ ஏரோப்ளேன் வந்ததாகச் சொல்கிறார்களே என்று அவர் கேட்டார். ஆமாம், அது எங்கேயோ உயரத்தில் போனது என்றாள். போலீஸ்காரர் போனதும் தம்பியைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"நீ வரல. வெளங்குதா? வந்தது நீ இல்ல. ஆரு கேட்டாலும் அதான். நா எல்லாத்துட்டயும் சொல்லி வச்சுட்டேன்."

ஊரும் அப்படியே சொன்னது. வீரபத்திரனிடம் உலகம்மாள் போய் அழுதாள். தன் வாயிலிருந்து எதுவும் வராது என்று அவர் சொல்லிவிட்டார். அவருடைய மாடு ஒன்று கால் ஒடிந்து செத்திருந்தது. அதைப் பற்றியும் பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் எந்த வேலைக்குக் கூப்பிட்டாலும், காய்ச்சலாகக் கிடந்தாலும், பால்சாமி முடியாது என்று சொன்னதில்லை.

முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே இனி உணர்வு வராது என்று டாக்டர் சொன்னார். சித்திரையில் அவளுக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். பரமக்குடிப் பக்கத்து மாப்பிள்ளை வீட்டார் ஒருநாள் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து பார்த்தார்கள். பிறகு வரவில்லை.

வேல்சாமி மதுரைக்குத் திரும்பினான். அடுத்து அலியாரோடு தஞ்சாவூர். மேலே ஏறியதும் பறந்ததும் எல்லாம் எப்போதும்போலத்தான். இறங்கும்போது ஓடுதளத்துக்கு முன்னால் இருந்த ரோட்டில் ஒரு மாட்டு வண்டி போவதைப் பார்த்தான். அவன் கேட்காமலே அவன் கைகள் விமானத்தை மேலே தூக்கின. சுற்றிக்கொண்டு மறுபடி வந்தான். இந்தத் தடவை வண்டி இல்லை. தலையில் புல்லுக்கட்டோடு இரண்டு பெண்கள். மறுபடியும் மேலே தூக்கிவிட்டான். மூன்றாவது தடவை அலியார் தானே வாங்கி இறக்கினார். எல்லாருக்கும் ஒரு கட்டத்தில் இப்படி வரும், போய்விடும் என்றார்.

போகவில்லை. மேலே இருக்கும்வரை அவனுக்கு ஒன்றும் இல்லை. கீழே ஆள் முகம் தெரிகிற உயரம் வந்தால் விமானத்தை மேலே தூக்கிவிடுவான். காரணத்தை அலியாரிடம் சொல்ல முடியாது. சொன்னால் அவர் மேலே சொல்லியாக வேண்டும். அக்கா சொன்ன பொய் வீணாகும். ஆவணி வாக்கில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டான்.

மத்தியான நேரம். பெற்றவர்கள் காட்டுக்குப் போயிருந்தார்கள். பூமயில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தாள். வாசலில் நின்ற அவனையும் கையில் இருந்த பெட்டியையும் பார்த்தாள். லீவா என்று கேட்டாள். இல்லை என்றான். இனிமேல் என்னால் ஓட்ட முடியாது, உன்னை இப்படிப் போட்டுவிட்டு என்னால் ஓட்ட முடியவில்லை என்றான். அவளுக்குப் புரிந்துவிட்டது. 

"ஏலே, நா விழுந்தத நெனச்சு ஒருநாளும் அழுகல," என்றாள். "நீ வந்த, ஊரே பாத்துச்சு. அத நெனச்சுக்கிட்டுத்தான் இங்கன கெடக்கேன். நீ பெட்டியத் தூக்கிட்டு வந்து நின்னா, நா எதுக்குலே கெடக்குறது?"

 மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மதுரைக்குக் கிளம்பினான். அவள் போகச் சொன்னதால் போனான்.

இரண்டு மாதம் அலியார் அவனைப் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கினார். பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினான். கீழே பார்க்காமல், ஓடுதளத்தின் கடைக்கோடியை மட்டும் பார்த்துக்கொண்டு இறங்கப் பழகினான். தேறிவிட்டான் என்று நம்பி, கார்த்திகையில் அவனைச் செட்டிநாட்டுக்குத் தனியாக அனுப்பினார் அலியார்.

செட்டிநாட்டுத் தளத்தில் அன்று காவலாளி ஆடுகளை விரட்டிவிட்டு ஓரமாக நின்று கையசைத்தான். தளத்தின் முனையில் சுள்ளி பொறுக்க வந்த பெண்கள் சிலர் வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார்கள். அவர்களில் ஒருத்தி, சின்னப் பெண், தலைத்துணியை அவிழ்த்து வீசினாள்.

வேல்சாமி இறங்கவில்லை. சுற்றினான். மறுபடி வந்தான், மறுபடி சுற்றினான். அவர்கள் போகவில்லை. கடைசியில் இறங்காமலே மதுரைக்குத் திருப்பினான். மதுரையிலும் அதேதான். ஓடுதளத்துக்கு நேரே வருவான், தரை தெரியும், மேலே தூக்கிவிடுவான். எரிபொருள் முள் கீழே போய்க்கொண்டிருந்தது. பம்பாய் விமானம் வருகிற நேரம் என்று டவரில் இருந்தவர்கள் பரபரத்தார்கள். யாரோ அலியாரைக் கூட்டிவந்து ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தார்கள். அவர் விதிமுறைப் பேச்சு எதுவும் பேசவில்லை. தமிழில் பேசினார்.

"தம்பி, கீழ ஆளே இல்ல. நா எல்லாத்தையும் போகச் சொல்லிட்டேன். ரன்வே காலியா கெடக்கு. ஆடு மாடுகூட இல்ல. மெதுவா வா."

அவர் காரணத்தை எவ்வளவு தெரிந்துகொண்டிருந்தார் என்பது வேல்சாமிக்குக் கடைசிவரை தெரியாது. அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடியபடி இறங்கினான். முன்சக்கரம் தரையில் அடித்து ஒடிந்து, விமானம் மூக்கைத் தேய்த்துக்கொண்டு போய் நின்றது. அவனுக்குக் கீறல்கூட இல்லை. ஆனால் இறங்கி வரவில்லை. அலியார் ஓடிவந்து கதவைத் திறந்து, பெல்ட்டை அவிழ்த்து, குழந்தையைத் தூக்குவதுபோல அக்குளில் கைகொடுத்து வெளியே இழுத்தார். கொஞ்ச தூரம் நடத்திக் கூட்டிப்போய் நிழலில் உட்கார வைத்தார்.

"போதும்ப்பா, ஊருக்குப் போ," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

 இந்த முறை அவன் சொல்லி முடித்ததும் பூமயில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். சாயங்காலம் அம்மாவும் அப்பாவும் வந்த பிறகு, அம்மாவிடம் சொல்வதுபோல அவனுக்குச் சொன்னாள்.

"அவென் படிப்ப முடிச்சுட்டான். பம்பாயில வேல கெடச்சுருச்சு. ஊருக்குள்ள அப்பிடித்தான் சொல்லப் போறேன். இங்கன இருக்க வேணாம்னு சொல்லு."

உலகம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பால்சாமி கையமர்த்தினார். பெண்ணுக்கு மிச்சம் இருந்தது தம்பியைப் பற்றிய அந்தப் பெருமை ஒன்றுதான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மகனை விடியுமுன் ரோடு வரைக்கும் கூட்டிவந்து பஸ் ஏற்றிவிட்டார். எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை.

அவன் ராமேஸ்வரம் தீவில் அக்காள்மடத்தில் இறங்கினான். அந்த ஊரில் அவனுக்கு யாரையும் தெரியாது என்பது ஒன்றே காரணம். அங்கே அகமது கபீர் என்பவர் ஐஸ் பிளான்ட் வைத்திருந்தார். எஞ்சின் பற்றித் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றான். அமோனியா நாற்றத்திலும் ஈரத்திலும் ஒரு அறை, மூன்று வேளைச் சாப்பாடு. விடியலில் ஐஸ் பாளங்களை உடைத்துப் பெட்டிகளில் நிரப்பிப் படகுகளுக்கு அனுப்ப வேண்டும். நன்றாக வேலை செய்தான். கபீர் அவனுக்கு ஒரு பெண்ணைப் பார்த்துக் கட்டிவைக்கக்கூட முயன்றார். அவன் வேண்டாம் என்றுவிட்டான்.

சொந்த ஊர் பஸ்ஸில் சில மணி நேரத் தூரத்தில் இருந்தது. பன்னிரண்டு வருடம் அவன் அங்கே போகவில்லை. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் முதுகுளத்தூர்ப் பக்கத்து ஜனம் லாரி லாரியாக ராமேஸ்வரத்துக்கு வரும். அந்த நாட்களில் அவன் பிளான்ட்டை விட்டு வெளியே தலை காட்டுவதில்லை. அப்படியும் ஒரு தை அமாவாசையன்று, லாரி நின்றுபோய்த் தண்ணீர் கேட்டு உள்ளே வந்தவர் அவன் ஊர்க்காரர் கூத்தையா. களத்தில் அன்று நின்றவர்களில் ஒருவர். வேல்சாமி தோளில் சாக்கோடு, முழங்கால் வரை நனைந்து நின்றான்.

கூத்தையா அவனை நெடுநேரம் பார்த்தார். தம்பிக்கு எந்த ஊர் என்று கேட்டார். தொண்டி என்றான் வேல்சாமி.

"எங்க ஊருல ஒரு பையன். பம்பாயில ப்ளேன் ஓட்டுறாப்ல. அவுக அக்கா கெடையில கெடக்கு, போறவ வாரவகள்ட்ட எல்லாம் அவரப் பத்தித்தான் பேசும். ஒங்க சாயல்தான்."

தண்ணீரைக் குடித்துவிட்டு, செம்பை அவன் கையில் கொடுக்காமல் தரையில் மெல்ல வைத்துவிட்டுப் போனார். அவர் தெரிந்துகொண்டாரா, தெரியாமல் பேசினாரா என்று வேல்சாமி பல நாள் யோசித்தான். எதுவாக இருந்தாலும் ஊருக்குள் பேச்சு எதுவும் கிளம்பவில்லை.

வேல்சாமி தான் இருக்கும் இடத்தை அப்பாவுக்கு மட்டும் எழுதியிருந்தான். பால்சாமி வருடத்துக்கு ஒருமுறை, வேறு எங்கோ போவதாகச் சொல்லிவிட்டு வந்து மகனைப் பார்த்துப் போவார். பூமயில் எப்படி இருக்கிறாள் என்று அவன் கேட்பான். இருக்கிறாள் என்பார். படுக்கைப் புண் ஆறவில்லை, மருந்து வைக்கிறோம் என்பார். என்னைப் பற்றி ஏதாவது கேட்டாளா என்று அவன் ஒருபோதும் கேட்டதில்லை.

2005-இல், ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு காலையில், வழக்கமில்லாத மாதத்தில் வந்து நின்றார். தலை மொட்டையடித்திருந்தது. அம்மா என்று நினைத்துப் பதறினான்.

"பூமயிலு," என்றார். "முந்தாநாளு எடுத்துட்டோம்."

பிளான்ட்டின் போன் நம்பர் அவரிடம் இருந்தது. ஆனால் கூப்பிட்டிருக்கவில்லை.  பால்சாமியே சொன்னார். புண் உள்ளே போய்க் காய்ச்சல் கண்டு நாலைந்து நாள் கிடந்தாள். நினைவு இருந்தபோதே சொல்லிவிட்டாள்.

"தம்பிக்குப் பம்பாயில லீவு கெடைக்காது, அவனுக்குத் தாக்கல் விட வேணாம்னா. பக்கத்துல ஆளுக இல்ல, நானும் ஒங்காத்தாவுந்தான் இருந்தோம். எங்கள்ட்டயே அப்பிடித்தான் சொன்னா."

அவள் அதை ஊருக்காகச் சொல்லிச் சொல்லிக் கடைசியில் தானே நம்பிவிட்டாளா, அல்லது சாகும்போதும் அவனை வரவிடக் கூடாது என்று தீர்மானமாக இருந்தாளா என்று வேல்சாமி அப்பாவிடம் கேட்டான். பால்சாமிக்கும் தெரியவில்லை.

மழையோடு இருவரும் ராமேஸ்வரம் போனார்கள். அக்னி தீர்த்தக் கரையில் கூட்டமே இல்லை. கடல் சேற்று நிறத்தில் கிடந்தது. புரோகிதர் குடையைப் பிடித்தபடி அவசர அவசரமாகச் சொன்னதை வேல்சாமி திருப்பிச் சொன்னான். பிண்டத்தைக் கரைக்கத் தண்ணீருக்குள் இறங்கியவன் இடுப்பளவு ஆழத்தில் நின்றுவிட்டான். வா, வா என்று பால்சாமி கரையிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு தானே வேட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போய், கையைப் பிடித்துக் கூட்டி வந்தார்.

என்னோடு வீட்டுக்கு வாயேன், அம்மா ஒருத்திதான் இருக்கிறாள் என்று பஸ் நிலையத்தில் கேட்டார். அவன் யோசித்தான். வந்தால் ஊர் கேட்கும். பன்னிரண்டு வருடமாக அந்தக் கட்டிலில் கிடந்து ஒருத்தி சொன்னது அத்தனையும் பொய் என்று ஆகும். செத்தபிறகு அவளை அப்படி ஆக்க அவனால் முடியாது. வரவில்லை என்று தலையாட்டினான். பால்சாமி தனியாகப் பஸ் ஏறினார்.

ஊரில் கேட்டவர்களிடம், மகன் பம்பாயிலிருந்து வந்து ராமேஸ்வரத்தில் எல்லாம் முறையாகச் செய்துவிட்டு அப்படியே திரும்பிவிட்டான் என்று பால்சாமி சொன்னார். வீரபத்திரனிடமும் அதையே சொன்னார். பெரியவர் சரி என்று கேட்டுக்கொண்டார். அம்மாவும் இரண்டு வருடம் கழித்துப் போனாள். அதற்கும் வேல்சாமி ஊருக்குப் போகவில்லை. கடலோரம் தனியாக நின்று முழுகிவிட்டு வந்தான்.

2009-லும் அவன் அந்த ஐஸ் பிளான்ட்டில்தான் இருந்தான். கபீருக்கு வயதாகிவிட்டதால் பொறுப்பு முழுவதும் அவன் கையில் இருந்தது. விடியலில் படகுக்காரர்கள் வருவார்கள், பாளங்கள் உடையும், தீவு விழிப்பதற்குள் வேலை முடிந்துவிடும். மீதி நாள் முழுவதும் அவனுக்குச் செய்ய ஒன்றும் இருக்காது.